முழு வேகத்தில் சில நிமிடம் ஓடியதும் அவுட்போர்டு எஞ்சின் இழுவை இழக்கிறது. கார்புரேட்டர் சுத்தம் செய்தும் சரியாகவில்லை, உதவி தேவை

அலைவாய்:
எல்லோருக்கும் வணக்கம். ராமேசுவரத்தில் கைட் போர்டிங் (பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) கற்றுக்கொடுக்கும் ஒரு சிறிய குழுவுக்குத் துணைப் படகு ஓட்டுகிறேன். 18 அடி பைபர் படகு, பின்னால் வெளியே மாட்டிய 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டு சிலிண்டர், கார்புரேட்டர் வகை. பெட்ரோலில் டூ-டி ஆயிலை 50-க்கு 1 என்று கலந்து ஊற்றுகிறோம். எடுத்துச் செல்லும் 24 லிட்டர் டேங்க், நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, அவ்வளவுதான் அமைப்பு.

பிரச்சினை இதுதான். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, மெதுவாக ஓட்டினால் எவ்வளவு நேரமானாலும் குறை சொல்ல முடியாது, ஆனால் முழு வேகம் கொடுத்தால் சில நிமிடத்தில் சத்தம் ஏறி இறங்கி, இழுவை குறைந்து, பிறகு இருமி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டுப் பல்பை அமுக்கினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி அதே கதை. பிளக் இரண்டும் புதிது. உள்ளூர் பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் எல்லாம் சுத்தம் செய்து கொடுத்தார்கள், ஒரு மாற்றமும் இல்லை. பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நன்றாகவே வருகிறது, கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புதான், சூடு இல்லை.

எனக்குப் பயம் எங்கே என்றால், தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தீவின் வடக்குப் பக்கம் தண்ணீர் தட்டையாக இருக்கும் என்று அங்கேதான் புதியவர்களை இறக்குகிறோம், அந்தப் பக்கம் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கைட் தண்ணீரில் விழுந்து மேலே எழும்பாமல் போனால் ஆள் நேராக வெளியே போவார், நான் முழு வேகத்தில் போய்த்தான் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் இந்த எஞ்சின் கைவிடுகிறது. அடுத்த வாரம் புது மாணவர்கள் வருகிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

நீலக்கரை:
புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இக்னிஷன் காயிலைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடேறியதும் ஸ்பார்க் விடாமல் போகும், ஆறவிட்டால் மறுபடி வேலை செய்யும். நீங்கள் சொல்வதும் அப்படியே இருக்கிறது. எங்கள் மீன்பிடிப் படகில் சிடிஐ பெட்டி (காயிலுக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி) இதே மாதிரி செய்தது, மாற்றியதும் சரியாகிவிட்டது.

பாம்பன் எஞ்சின்காரர்:
தம்பி, எதையும் வாங்காதீங்க, எதையும் கழற்றாதீங்க. முதலில் ஒரு சோதனை.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் எஞ்சினில், இன்னொருவர் பல்பு பக்கத்தில். முழு வேகம் கொடுத்து ஓட்டி, இழுவை குறையத் தொடங்கிய அந்த நொடியில், எஞ்சின் நிற்பதற்கு முன்னாலேயே, பல்பை விடாமல் அமுக்கச் சொல்லுங்கள். அமுக்க அமுக்க வேகம் திரும்பி வந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கரண்ட் பக்கம் போகவே வேண்டாம். ஒன்றும் மாறாவிட்டால் அப்போது நீலக்கரை சொல்வதைப் பார்க்கலாம். காயில் சூடேறிப் போனால் பெரும்பாலும் சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று வெட்டும், அல்லது ஒரு சிலிண்டர் மட்டும் விடும். சத்தம் ஏறி இறங்கி இருமி நிற்பது பெட்ரோல் வறட்சி. நீங்களே பல்பை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கீங்க, அதனால்தான் சொல்கிறேன்.

அமுக்குவதற்கு முன்னால் பல்பைக் கண்ணால் பாருங்கள், இது ரொம்ப முக்கியம். சப்பிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் டேங்கிலிருந்து பல்பு வரைக்கும் எங்கோ அடைப்பு: மூடியில் இருக்கும் காற்றுத் திருகு, டேங்க் உள்ளே உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் வலை, இணைப்பான், டியூப், இந்த நாலில் ஒன்று. பல்பு உருண்டையாகக் கெட்டியாக இருந்தும் எஞ்சின் வாடினால் அடைப்பு பல்புக்கு அந்தப் பக்கம், அதாவது ஃபில்டர், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்று இருந்து கெட்டியே ஆகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லையென்றால் பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது.

மெதுவாக ஓட்டும்போது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். இந்த எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் குடிக்கும், ஐடிலில் அதில் சின்னப் பங்குதான். பாதி அடைபட்ட டியூப் அந்தச் சின்னப் பங்கைத் தாராளமாகக் கொடுத்துவிடும்.

தீவகன்:
யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து. எஞ்சின்காரர் அண்ணை சொன்னது சரி, நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இழுவை குறையும்போது எஞ்சின் சுற்று குறைகிறதா, கூடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள் தம்பி. சுற்று கூடி படகு மட்டும் மெதுவானால் அது பெட்ரோலே இல்லை, விசிறிக்குள் (புரொப்பல்லர்) இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குது. மெல்ல ஓடும்போது பிடிக்கும், முழுப் பலம் கொடுத்தால் நழுவும். விசிறியின் உள் வளையத்திலும் வெளி வளையத்திலும் ஒரே நேர்கோட்டில் பெயிண்டால் கோடு போட்டுவிட்டு ஓடிப் பார்த்தால் தெரிந்துவிடும், கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. எங்கட பக்கம் பலர் மண்ணெண்ணெய் எஞ்சின்தான் ஓட்டுகிறார்கள், அதிலும் இதே வருத்தம் வரும்.

இன்னொன்று. நீங்கள் நிற்கிற இடத்தில் எஞ்சின் நின்றால் தென்மேற்குக் காற்று உங்களை வடகிழக்கே, கச்சதீவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எல்லைக்கோடு அந்தப் பக்கம்தான். நங்கூரம் இல்லாமல், போதிய கயிறு இல்லாமல் சோதனைக்கும் போகாதீர்கள்.

கோவளம் அலை:
பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லையே. இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரைக் காற்றில் சொல்லவே வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும், உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் இது இன்னும் மோசம், ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், எஞ்சினுக்குப் போவது ஆயில் இல்லாத கலவை.

செய்ய வேண்டியது சுலபம். டேங்கைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்து, அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து நிழலில் வையுங்கள். ஒரே நிறமாகத் தெளிவாக இருந்தால் நல்லது. அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டாம்.

அலைவாய்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பக்கத்து வள்ளக்காரர் கூட வர, அவருடைய வள்ளமும் கூடவே வர, போய்ப் பார்த்தோம்.

சுற்று கூடவில்லை, குறைகிறது. எனவே விசிறி இல்லை. பாட்டிலில் எடுத்த பெட்ரோல் தெளிவாக இருக்கிறது, அடுக்கு இல்லை. இழுவை குறைந்தபோது பல்பைப் பார்த்தால் அப்படியே சப்பிப் போய்த் தட்டையாக இருந்தது. அமுக்கிவிட்டதும் மெதுவாகத்தான் உருண்டையானது, ஆனால் எஞ்சின் உடனே உயிர் வந்து இழுத்தது. மூடியில் காற்றுத் திருகு முழுக்கத் திறந்துதான் இருந்தது, சந்தேகத்துக்கு மூடியையே கழற்றி வைத்தும் பார்த்தோம், அப்போதும் வாடியது.

பாம்பன் எஞ்சின்காரர்:
அப்போ பாதி வேலை முடிந்தது. டேங்க், டியூப் இரண்டில் ஒன்று. வள்ளக்காரரிடம் அவருடைய டேங்கையும் டியூபையும் இரவல் வாங்குங்கள். முதலில் உங்கள் டேங்க், அவர் டியூப். ஓடினால் உங்கள் டியூப்தான் குற்றவாளி. ஓடாவிட்டால் உங்கள் டேங்கின் உறிஞ்சு குழாயைக் கழற்றி நுனி வலையைப் பாருங்கள், குப்பையும் ஆயில் பிசினும் அங்கே படியும். இரவல் டேங்கில் 50-க்கு 1 கலவை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஃபோர் ஸ்ட்ரோக் டேங்க் என்றால் அதில் ஆயில் இருக்காது.

நீலக்கரை:
பல்பு சப்பியது என்றால் என் காயில் யோசனை பொருந்தாது, எஞ்சின்காரர் சொல்வதையே செய்யுங்கள். குளவியையும் பாருங்கள். எங்கள் கொட்டகையில் டேங்க் மூடியின் காற்றுத் துளைக்குள் மண் வைத்து அடைத்திருந்தது, தண்ணீர் பீய்ச்சும் துளையிலும் வைக்கும்.

அலைவாய்:
கண்டுபிடித்துவிட்டோம். எங்கள் டேங்கோடு அவருடைய டியூபை மாட்டினோம், கரையோரமாகவே வெகுநேரம் முழு வேகத்தில் ஓட்டினோம், ஒரு தடவை கூட வாடவில்லை. எங்கள் டியூபை மறுபடி மாட்டியதும் பழையபடி. டேங்க் பக்கத்து டியூபை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் மெல்லிய படலம் சுவரிலிருந்து பிரிந்து மடிந்து கிடக்கிறது. வெளியே தொட்டால் ஒரு விரிசல் இல்லை, புதிது மாதிரி இருக்கிறது! மெதுவாக இழுத்தால் படலம் படுத்திருக்கும் போல, வேகமாக இழுத்தால் எழும்பி வழியை அடைக்கிறது. படகை வாங்கியபோதே கூட வந்த டியூப் அது, மேலே எந்த எழுத்தும் இல்லை.

இது இ20-ஆல் வந்ததா? புதிது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கோவளம் அலை:
நான் சொன்னேன் அல்லவா, எத்தனால்தான். பழைய ரப்பரை ஊறவைத்துப் பிரிப்பது அதன் வேலை.

பாம்பன் எஞ்சின்காரர்:
எத்தனாலுக்குப் பங்கு இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் வெயிலில் டியூப் படகுத் தளத்தில் வருஷக்கணக்காகக் காய்கிறது, எத்தனால் இல்லாத காலத்திலும் இந்தப் படலம் பிரிந்து பார்த்திருக்கிறேன். இங்கே பெரிய தப்பு எழுத்தே இல்லாத டியூபை எஞ்சினோடு கொடுத்து விற்றது.

வாங்கும்போது டியூபின் மேலே எஸ்ஏஈ ஜே1527 என்றோ ஐஎஸ்ஓ 7840 என்றோ அச்சாகியிருக்க வேண்டும், படகு பெட்ரோலுக்கான தரம் அதுதான். கார் கடையில் கிடைக்கும் டியூபும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் தெளிவான பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம். உள்விட்டம் பழையதுக்குக் குறையக் கூடாது. பல்பையும் சேர்த்தே மாற்றுங்கள், அதன் மேல் இருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். டியூபை டேங்குக்கு அடியிலோ நங்கூரத்துக்கு அடியிலோ நசுங்க விடாதீங்க. பழைய படலத்தின் துணுக்குகள் வழியில் உட்கார்ந்திருக்கும், அதனால் எஞ்சின் ஃபில்டரைக் கழற்றி, கருப்புத் துகள் இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. முழு வேகத்தில் பெட்ரோல் வறண்ட ஒவ்வொரு தடவையும் பிஸ்டனுக்கு ஆயிலும் வறண்டது, கூடவே கலவை மெலிந்து உள்ளே சூடும் ஏறியிருக்கும். மாணவர்களை இறக்குவதற்கு முன்னால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம், மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, கில் சுவிட்ச் கயிற்றை எடுத்துவிட்டு இழுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பிளக் வாயில் வெள்ளியாகச் சின்னப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் அலுமினியம் உருகியிருக்கிறது, அப்போ ஓட்டவே கூடாது.

தீவகன்:
கம்ப்ரெஷன் தெரியும் வரைக்கும் வகுப்பை நிறுத்துங்கள், அல்லது அந்த வள்ளத்தை வாடகைக்கு எடுத்து நிறுத்துங்கள். தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்போது சந்தேகமான எஞ்சின் ஒன்றுதான் துணை என்றால் அது துணையே இல்லை.

அலைவாய்:
வள்ளத்தைப் பேசி முடித்துவிட்டோம் அண்ணை, இந்தச் சுற்று வகுப்பு முழுக்க அவரும் தண்ணீரில் நிற்பார். கம்ப்ரெஷன் மேல் சிலிண்டர் 118, கீழ் சிலிண்டர் 114. பிளக்கில் வெள்ளிப் புள்ளி இல்லை, பழுப்பு நிறம்தான். ஃபில்டரில் கருப்புத் துகள் இருந்தது, கார்புரேட்டர் கிண்ணத்திலும் கொஞ்சம். இரண்டையும் சுத்தம் செய்தாயிற்று. அச்சு உள்ள டியூப் தூத்துக்குடியிலிருந்து வருகிறது, இரண்டு செட் சொல்லியிருக்கிறேன், ஒன்று படகிலேயே இருக்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை வேறு ஏதாவது?

பாம்பன் எஞ்சின்காரர்:
118-க்கு 114 நல்ல எண், தப்பித்தது எஞ்சின். பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, விசிறியின் ஷியர் பின் அல்லது கோட்டர் பின், தண்ணீர் பம்ப் இம்பெல்லர், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் இவ்வளவும் ஒரு டப்பாவில் இருக்கட்டும். கையடக்க விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனலில் வையுங்கள். மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையம் இருக்கிறது, அவர்களுடைய அவசர எண் 1554. மாணவர்கள் கண்ணில் படும்படி படகுக்குள் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் தண்ணீரில் விழுந்தது நீங்களாகவே இருந்தால் போன் எடுக்க வேண்டியது அவர்கள்தான்.

கோவளம் அலை:
டேங்கில் மிச்சமிருக்கும் கலவையை என்ன செய்யப் போகிறீர்கள்? தெளிவாக இருந்தாலும் பழையதாகியிருந்தால் புதுப் பெட்ரோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடுங்கள். இனிமேல் ஒரு வாரத்துக்கு ஓடும் அளவு மட்டும் வாங்குங்கள்.

அலைவாய்:
சரி, அப்படியே செய்கிறேன். டியூப் வந்து மாட்டியதும் கரையோரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.