டைட்டன்ஃபால் 2: ஏழு டைட்டன்களில் முதலிடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு?

அட்லஸ்காரன்:

டைட்டன்ஃபால் 2 துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் இருக்கும் ஏழு டைட்டன்களையும், அதாவது பைலட் என்னும் வீரன் ஏறி ஓட்டும் ராட்சத ரோபோக்களையும், ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2016 அக்டோபர் 28 அன்று வந்த ஆட்டம் இது. ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்டு 1, ஒரு வாரம் பின்னால் கால் ஆஃப் டூட்டி இன்ஃபினிட் வார்ஃபேர். இரண்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. அப்படியும் இத்தனை வருடம் கழித்து அட்ரிஷனுக்கு, அதாவது எதிரிகளைக் கொன்று பாயிண்ட் சேர்க்கும் மல்டிபிளேயர் மோடுக்கு, ஆள் சேர்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த டைட்டன் எடுக்கட்டும்?" என்பதைத்தான். மேலிருந்து கீழாக என் பதில்: அயன், லீஜியன், டோன், மோனார்க், ரோனின், நார்த்ஸ்டார், ஸ்கார்ச்.

அயன் ஏன் முதலில்? எதிரே யார் வந்தாலும் அதன் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. லீஜியன் பொழிந்தால் வோர்டெக்ஸ் ஷீல்டில் குண்டுகளைப் பிடித்து அவன்மேலேயே திருப்பிவிடலாம். தூரத்தில் நார்த்ஸ்டார் தலைகாட்டினால் லேசர் ஷாட். குறி வைத்து அழுத்திய கணமே போய்ப்படும், பறந்து போகும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஓடுகிற பைலட்டுக்கும் அதே லேசர்தான். ரோனின் வரும் குறுகிய வழியை ட்ரிப்வயர் போட்டு அடைக்கலாம். ஒரே கட்டுப்பாடு, இவை எல்லாமே ஒரே எனர்ஜியில் ஓடுகின்றன. ஷீல்டைப் பிடித்துக்கொண்டே நின்றால் லேசருக்கு மிச்சம் இருக்காது. அந்தக் கணக்கு கைவந்தவனை வீழ்த்துவது ரொம்பக் கஷ்டம்.

ஸ்கார்ச் ஏன் கடைசி? ஒரே டேஷ், அதாவது சட்டென்று பாய்ந்து நகரும் வாய்ப்பு ஒன்றுதான். ஒரு குண்டு போட்டால் ரீலோட். எட்டி நிற்கிற எதிரியை ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் போனால் பயங்கரம்தான். ஆனால் தெரிந்தவன் எவனும் அதன் பக்கத்தில் போவதில்லை.

தெர்மைட்:

ஸ்கார்ச் பக்கத்தில் யாரும் போவதில்லை என்கிறீர்களே, அதுதான் ஸ்கார்ச்சின் வேலையே! ஏஞ்சல் சிட்டி மேப்பின் தெருக்களை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கேஸ் ட்ராப்பை உருட்டிவிட்டு மறுமுனையில் ஃபயர்வால் என்னும் தீச்சுவர் போட்டால் அந்தத் தெரு என்னுடையது. ஐந்து பேர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். சுற்றிப் போகும் இடத்தில் என் அணி நிற்கும். நான் யாரையும் கொல்லாமலேயே ஆட்டத்தைத் திருப்பியிருப்பேன்.

அப்புறம் அயனிடம் எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்றீர்கள். காலடியில் எரிகிற தீயை வோர்டெக்ஸ் என்ன செய்யும்? லீஜியனின் கன் ஷீல்டு முன்பக்கம்தான் மறைக்கும், கீழே எரிவதை மறைக்காது. நின்று சுடுகிற டைட்டன்களுக்கெல்லாம் ஸ்கார்ச் எமன். உங்கள் வரிசையில் முதல் மூன்றும் நின்று சுடுகிறவைதான்.

அட்ரிஷன் பாயிண்ட் கணக்கையும் பாருங்கள். டைட்டனுக்கு 10, பைலட்டுக்கு 5, கம்ப்யூட்டர் இயக்கும் சாதாரண சிப்பாயான கிரண்டுக்கு 1. கிரண்டுகள் கும்பலாக நிற்கும் இடத்தில் ஒரு ஃபயர்வால் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அட்ரிஷனில் ஸ்கார்ச்சுக்கு மூன்றாம் இடமாவது தர வேண்டும்.

அட்லஸ்காரன்:

ஏஞ்சல் சிட்டி சரி. ஹோம்ஸ்டெட்டில்? எக்ஸோபிளானெட்டில்? அங்கே தெருவே இல்லை. வெட்டவெளியில் நீங்கள் ஃபயர்வால் போட்டால் எதிரி நாலு அடி நகர்ந்து நின்று சுடுவான். ஒரு டைட்டனை வரிசையில் வைக்கும்போது பாதி மேப்பை மறந்துவிட்டு வைக்க முடியாது.

துருவன்:

வெட்டவெளி என்று நீங்களே சொல்லிவிட்டு நார்த்ஸ்டாரை ஆறாவதில் வைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஹோம்ஸ்டெட்டில் ரெயில்கன்னை முழுக்க சார்ஜ் செய்து ஒரு அடி, மலை மறைவுக்குள் பின்வாங்கி மறுபடி சார்ஜ், இன்னொரு அடி. எதிரி என்னை நோக்கி வர ஆரம்பித்தால் வழியில் டெதர் ட்ராப் காத்திருக்கும். மாட்டிக்கொண்டு நிற்கிறவன்மேல் கிளஸ்டர் மிசைல். டைட்டன் சண்டை தொடங்குவதற்கு முன்பே எதிரணியில் ஒருவன் பாதி உயிரோடுதான் இருப்பான்.

லாஸ்ட் டைட்டன் ஸ்டாண்டிங்கில் இதற்கு மதிப்பு இன்னும் அதிகம். ஐந்துக்கு ஐந்து, செத்தால் அந்த ரவுண்டில் வேறு டைட்டன் கிடையாது. முதல் டைட்டன் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பெரும்பாலும் ரவுண்டே போய்விடும். அந்த முதல் டைட்டனை விழவைப்பதில் நார்த்ஸ்டாரை மிஞ்ச ஆள் இல்லை.

ஓகர்:

துருவன், நீங்கள் மறைவுக்குள் போய் சார்ஜ் செய்யும் நேரத்தில் முன்னால் நிற்கிற நாங்கள் நால்வர் ஐந்து பேரின் அடியை வாங்கிக்கொண்டிருப்போம். நார்த்ஸ்டார் ஆடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நல்ல நார்த்ஸ்டார் இருந்தால் அணிக்கு லாபம், சுமாரான நார்த்ஸ்டார் இருந்தால் அணியில் ஒரு ஆள் குறைவு. லீஜியனில் சுமாரான ஆள் இருந்தாலும் எதிரியின் குண்டையாவது வாங்கிக்கொள்வான்.

ஹெல்த்தைப் பாருங்கள். ஸ்ட்ரைடர் வகையான ரோனினுக்கும் நார்த்ஸ்டாருக்கும் 7,500. அட்லஸ் வகையான அயனுக்கும் டோனுக்கும் 10,000. எங்கள் ஓகர் வகை, அதாவது லீஜியனும் ஸ்கார்ச்சும் 12,500. ஒரு நார்த்ஸ்டார் தவறு செய்தால் அங்கேயே முடிந்தது. நான் ஒரு தவறு செய்துவிட்டு இன்னொன்றும் செய்யலாம்.

வாள்வீச்சு:

எல்லோரும் ஹெல்த் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். ரோனினிடம் இருக்கிற 7,500-ஐ அப்படியே 7,500 என்று எடுக்கக் கூடாது. வாளைக் குறுக்கே பிடித்தால் வருகிற அடியில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஃபேஸ் டேஷ் போட்டால் சில கணம் நான் அந்த உலகத்திலேயே இல்லை. அயனின் லேசர் கோர், அதாவது சண்டை போடப் போட நிறைந்து வரும் அதன் பெரிய தாக்குதல், இருக்கிறதே, மற்ற எல்லா டைட்டனும் அதைக் கண்டு ஓடும். ரோனின் வாளைப் பிடித்தபடி அதன் முன்னால் நிற்கலாம். அயனின் கோரில் பெரும்பகுதி வீண். நின்றுவிட்டு நான் என் ஸ்வோர்ட் கோரைத் தொடங்குவேன். அட்லஸ்காரன் சொல்கிற "எல்லாவற்றுக்கும் விடை" இங்கே எங்கே போயிற்று?

எதிரணியில் யாருடைய ஹெல்த் குறைந்திருக்கிறது என்று பார்த்து, பின்பக்கமாக நுழைந்து, அவனை முடித்து, எக்ஸிக்யூஷன் போட்டுவிட்டு ஃபேஸில் மறைவது ரோனினால் மட்டும் முடிகிற காரியம். ஐந்தாம் இடம் என்பது அநியாயம். தெரிந்தவன் கையில் முதலிடம்.

அட்லஸ்காரன்:

"தெரிந்தவன் கையில்" என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம். தெரிந்தவன் கையில் ஏழுமே முதலிடம்தான். வரிசை என்று ஒன்று போடுவதே, சம திறமை உள்ள இருவர் மோதினால் எந்த டைட்டன் அதிக இடங்களில் கைகொடுக்கிறது என்று பார்க்கத்தான். ரோனின் எதிரே ஒருவன் பதறாமல் பின்வாங்கிக்கொண்டே சுட்டால் ஷாட்கன் எட்டாது, வாளைப் பிடித்தால் சுட முடியாது. கூட ஒரு ஆள் அவனுக்குத் துணை நின்றால் ரோனினின் பாய்ச்சல் அங்கேயே முடிந்தது. லேசர் கோர் பற்றிச் சொன்னது உண்மை. அதனால்தான் அயன்காரன் ரோனின் இருக்கும்போது கோரை எடுக்காமல் வைத்திருப்பான், அல்லது வாள் கீழே இறங்கும் நேரத்துக்குக் காத்திருப்பான்.

ஓகர்:

இவ்வளவு பேசினோம், பேட்டரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் டைட்டன்ஃபாலில் ஷீல்டு தானாகத் திரும்ப ஏறும். ஒதுங்கி நின்றால் போதும். இரண்டாவதில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஷீல்டு வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். எதிரி டைட்டன்மேல் ஏறி அதன் பேட்டரியைப் பிடுங்கி, முதுகில் மின்னிக்கொண்டே ஓடிவந்து, நம் டைட்டனில் செருக வேண்டும். இந்த ஒரு மாற்றம்தான் எந்த டைட்டன் நல்லது என்பதையே தலைகீழாக்கியது.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு பேட்டரி வந்தால் அதை முழுக்கப் பயன்படுத்துவது முன்வரிசையில் நின்று அடி வாங்குகிற டைட்டன். லீஜியனுக்குச் செருகினால் அந்த ஷீல்டு கரைவதற்குள் பிரெடேட்டர் கேனன் ஒருவனையாவது டூம் செய்திருக்கும், அதாவது சாகும் நிலைக்குத் தள்ளியிருக்கும். நார்த்ஸ்டாருக்குச் செருகினால் அது மறுபடி மலைக்குப் பின்னால் போய் நிற்கும். அந்த ஷீல்டு யாருக்கும் உதவாமல் சும்மா இருக்கும். பேட்டரி கொண்டுவரும் பைலட்டுக்கு எட்டுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். லீஜியன் மெதுவாக நகரும், எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரியும். ரோனினைத் துரத்திக்கொண்டு பேட்டரியோடு ஓடி வழியிலேயே செத்துப்போகும் பைலட்கள் எத்தனை பேர்!

துருவன்:

பேட்டரி பற்றிச் சொன்னது நல்ல பாயிண்ட். ஆனால் அதே கணக்கில் லீஜியனுக்கு ஆபத்தும் இருக்கிறது. மெதுவாக நகர்வதால் ரோடியோ ஏறுவதற்கும், அதாவது எதிரி பைலட் மேலே தொற்றிக்கொள்வதற்கும், சுலபம் லீஜியன்தான். பேட்டரியைப் பிடுங்கிப் போவான், ஏறியவனை விரட்டும் எலெக்ட்ரிக் ஸ்மோக் கையில் இல்லாவிட்டால் மறுபடி ஏறி கிரனேட் போட்டுவிட்டுப் போவான். உங்கள் 12,500-இல் அது எவ்வளவு தின்னும் என்று உங்களுக்கே தெரியும். நார்த்ஸ்டார்மேல் ஏற ஆள் அவ்வளவு தூரம் வந்தாக வேண்டும்.

தெர்மைட்:

ஸ்கார்ச்மேல் ஏற வருகிறவன் முதலில் தீயைத் தாண்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்லஸ்காரன்:

ஓகர் சொன்ன பேட்டரிக் கணக்கில் மோனார்க் இன்னும் மேலே ஏற வேண்டாமா? 2017 மே மாதம் மோனார்க்ஸ் ரெய்ன் அப்டேட்டில் ஏழாவதாக வந்தது. வந்த புதிதில் எக்ஸ்ஓ-16 துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று பலரும் ஒதுக்கினார்கள். ஆனால் பேட்டரிக்காகக் காத்திருக்காமல் சண்டையில் இருந்துகொண்டே ஷீல்டு ஏற்றிக்கொள்ளும் டைட்டன் அது. எதிரியை எனர்ஜி சைஃபனால் அடித்தால் அவன் வேகம் குறையும், நமக்கு ஷீல்டு ஏறும். கோர் நிறையும் ஒவ்வொரு முறையும் ஒரு அப்கிரேடு. முதல் கட்டத்தில் எனர்ஜி டிரான்ஸ்ஃபர் எடுத்துவிட்டால் அதே சைஃபனால் நம் அணி டைட்டனுக்கும் ஷீல்டு தரலாம். பேட்டரி தூக்கிவர பைலட் இல்லாத அணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாள்வீச்சு:

மூன்று கட்டமும் ஏறிய மோனார்க்கைப் பார்த்து நானும் ஒதுங்கியிருக்கிறேன். ஆனால் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். செத்தால் எல்லா அப்கிரேடும் போய் மறுபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் இருக்கும் மோனார்க் இந்த ஏழில் மிகப் பலவீனமான ஒன்று. ரவுண்டு தொடங்கியதும் நான் தேடுவது அதைத்தான். ஃப்ரன்டியர் டிஃபென்ஸில் அலை அலையாக வரும் எதிரிகளை அடித்து நிதானமாக ஏறலாம் என்பதால் அங்கே அது ராஜா. மனிதர்களுக்கு எதிராக நான்காம் இடமே அதிகம்.

ஓகர்:

அது அதைக் காப்பாற்றாத அணியின் குறை. மோனார்க்குக்குப் பக்கத்தில் ஒரு லீஜியன் நிற்கட்டும், சைஃபன் ஷீல்டை எனக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் வாளோடு வாருங்கள், பார்ப்போம். பவர் ஷாட் நெருக்கத்தில் பட்டால் நீங்கள் வந்த வழியே திரும்பிப் போவீர்கள்.

தெர்மைட்:

டோனைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஆட்டம் வந்த புதிதில் எங்கே பார்த்தாலும் டோன்தான். பார்ட்டிக்கிள் வால் என்னும் தடுப்புச் சுவரை நட்டு, அதன் பின்னால் நின்று 40 எம்எம்-ஆல் எதிரிமேல் மூன்று லாக் (குறிப் பூட்டு) வாங்கி ராக்கெட்டை விடுவது, மறுபடி அதே. அடுத்தடுத்த பேட்சுகளில் நெர்ஃப் செய்த, அதாவது பலத்தைக் குறைத்த, பிறகும் இன்றைக்கு மூன்றாம் இடம் கொடுக்கிறார் அட்லஸ்காரன். அதைப் பழைய பயத்தில் கொடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அந்தச் சுவர் ஒரே பக்கம்தான் மறைக்கும். பக்கவாட்டில் இருந்து ஒருவன் வந்தால் டோன்காரனுக்கு ஓடவும் ஒரே டேஷ்தான்.

அட்லஸ்காரன்:

பழைய பயம் எதுவும் இல்லை. டோனின் பலம் அந்தச் சுவரில் மட்டும் இருந்ததில்லை. சோனார் லாக்கை வீசினால் சுவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிகிறது, கூடவே டைட்டனாக இருந்தால் ஒரு லாக்கும் கிடைக்கிறது. ஃபேஸிலிருந்து வெளியே வரும் ரோனினை எதிர்பார்த்து நிற்க எத்தனை டைட்டனால் முடியும்? எந்த மேப்பிலும், எந்தத் தூரத்திலும், யாரோடு சேர்ந்தும் டோன் சராசரிக்குக் கீழே போவதில்லை. அதற்குத்தான் மூன்றாம் இடம்.

தெர்மைட் கேட்டதற்காக இவ்வளவு செய்கிறேன்: அட்ரிஷனுக்கு ஒரு வரிசை, லாஸ்ட் டைட்டன் ஸ்டாண்டிங்குக்கு வேறொரு வரிசை. அட்ரிஷனில் ஸ்கார்ச் நான்காவது. அதற்கு மேல் ஏற்றமாட்டேன். லாஸ்ட் டைட்டனில் ரோனின் மூன்றாவது. நார்த்ஸ்டார் இரண்டிலும் ஐந்துக்குக் கீழேதான். அயன் இரண்டிலும் முதலில்.

துருவன்:

நார்த்ஸ்டார் லாஸ்ட் டைட்டனில் ஐந்துக்குக் கீழா? ஒத்துக்கொள்ளவே முடியாது. கம்யூனிட்டி சர்வர் ஒன்றில் ட்ரைடாக் மேப் எடுப்போம். நீங்கள் அயன், நான் நார்த்ஸ்டார், ஆளுக்கு நாலு பேர் துணை.

அட்லஸ்காரன்:

எடுப்போம். ஆனால் மேப்பை நீங்கள் மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒன்று ட்ரைடாக், ஒன்று ஏஞ்சல் சிட்டி.

புதுபைலட்:

இதையெல்லாம் படித்தேன். நேற்றுதான் கேம்பெய்ன் முடித்தேன். மல்டிபிளேயரில் முதல் டைட்டனாக எதை எடுப்பது?

ஓகர்:

லீஜியன். தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் கிடைக்கும். முன்வரிசையில் நில்லுங்கள், பேட்டரி உங்களைத் தேடி வரும்.

வாள்வீச்சு:

லீஜியனில் தொடங்கினால் நகராமல் நிற்கவே பழகிவிடும் தம்பி, அப்புறம் அதை மாற்ற முடியாது. ரோனின் எடுங்கள். முதலில் நிறையச் செத்துப்போவீர்கள். ஆனால் எந்தச் சண்டைக்குள் போவது, எப்போது வெளியேறுவது என்பதை வேறெந்த டைட்டனும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத் தராது. எந்த வாசல் வழியாக நுழைகிறீர்களோ அதே வாசல் வழியாக வெளியே வர ஃபேஸ் டேஷை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதற்கு அதைச் செலவழித்துவிடாதீர்கள்.