வால்வு போனோ ஸ்டேஜ், டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்: பேஸ் எங்கே போகிறது?

ஊசிமுனை

வணக்கம். கொஞ்ச நாளாக மண்டையைக் குடையும் விஷயம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டர்ன்டேபிளில் ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கும் தலை). அதன் பின்னால் நண்பர் கட்டிக்கொடுத்த வால்வு போனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜின் சின்ன சிக்னலைப் பெருக்கும் பெட்டி): 12ஏஎக்ஸ்7 வால்வு இரண்டு, கடைசியில் சிக்னலை வெளியே தள்ளும் 12ஏயு7 கேத்தோடு ஃபாலோயர், எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜுக்கு மட்டும், கெய்ன், அதாவது பெருக்கம், 40 டெசிபல். அது டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பின் லைன் இன்புட்டுக்குப் போகிறது. ப்ரீஆம்ப் மேனுவலில் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் தடை) 10 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறது.

சிடி போட்டால் எல்லாம் சரி. இசைத்தட்டு போட்டால் மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் காணாமல் போய்விடுகிறது, வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்கிறது, பாடகர் ‘ஸ’ சொல்லும்போதெல்லாம் காதில் கீறுகிறது. வால்யூமும் சிடிக்கு ஒன்பது மணியில் இருந்தால் தட்டுக்கு ஒன்று, ஒன்றரை வரை திருப்ப வேண்டியிருக்கிறது. கடைக்காரர் ‘கெய்ன் பத்தவில்லை, 50 டெசிபல் உள்ள வேறு போனோ ஸ்டேஜ் வாங்குங்கள்’ என்கிறார். வாங்கலாமா? பரணில் ஒரு பழைய இன்டக்ரேட்டட் ஆம்ப் கிடக்கிறது, அதில் ‘போனோ’ என்று தனி சாக்கெட் உண்டு. வால்வுப் பெட்டியை அதில் செருகிப் பார்க்கலாமா?

நாற்பத்தேழு கே

முதலில் கடைசிக் கேள்வி. செருகாதீர்கள். தட்டில் பதிக்கும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றித்தான் பதிக்கிறார்கள், போனோ ஸ்டேஜ் அதைத் தலைகீழாகத் திருப்புகிறது, ஆர்.ஐ.ஏ.ஏ வளைவு என்பது அதுதான், 1 கிலோ ஹெர்ட்ஸை நடுவில் வைத்தால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் ஏற்றம், 20 கிலோ ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கம். வால்வுப் பெட்டி ஒரு முறை செய்ததை அந்த போனோ சாக்கெட் இன்னொரு முறை செய்யும், கூடவே இன்னொரு நூறு மடங்கு பெருக்கும். கேட்கச் சகிக்காது.

அடுத்து கெய்ன். 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் தருகிறது. 40 டெசிபல் என்றால் நூறு மடங்கு, ஆக 0.55 வோல்ட். சிடி பிளேயர் முழு அளவில் 2 வோல்ட் தரும். வித்தியாசம் 11 டெசிபல் சொச்சம். வால்யூம் ஒன்பதிலிருந்து ஒன்றரைக்குப் போவதற்கு இதுவே போதும், குமிழ் எந்த மணியில் நிற்கிறது என்பது நோயே இல்லை. 50 டெசிபல் பெட்டி வாங்கினால் 5.5 மில்லிவோல்ட் 1.7 வோல்ட் ஆகும், அது வெறும் குறிப்பு அளவு, தட்டில் உரத்த இடங்கள் அதைப் போல நான்கு மடங்கு கூடத் தாண்டும். ப்ரீஆம்பில் வால்யூமுக்கு முன்னால் பஃபர் (சிக்னலை முதலில் வாங்கும் சர்க்யூட்) இருந்தால் அது அங்கேயே திணறும், நீங்கள் குமிழைக் குறைத்தும் பிரயோசனம் இல்லை. அதிக கெய்ன் தேவை என்றால் அது டெனான் டிஎல்-103 மாதிரி 0.3 மில்லிவோல்ட் எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜுக்கு, உங்களுக்கு இல்லை.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். போனோ ஸ்டேஜின் அவுட்புட் கப்பாசிட்டர் மதிப்பு என்ன? மூடியைத் திறக்க வேண்டாம், சர்க்யூட் தாள் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

ஊசிமுனை

தாள் இருக்கிறது. 0.22 மைக்ரோ ஃபாரட். கீழே சின்ன எழுத்தில் ‘லோடு 100 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல்’ என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் கேத்தோடு ஃபாலோயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஆயிரம் ஓமுக்கும் கீழே என்று நண்பர் சொன்னார். வாங்கும் பெட்டியின் இம்பீடன்ஸ் தரும் பெட்டியுடையதைப் போல பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்ற விதிப்படி 10 கிலோ ஓம் ஒத்துப்போக வேண்டும் இல்லையா?

நாற்பத்தேழு கே

அந்த விதி எல்லாரையும் ஏமாற்றும் இடம் இதுதான். ஆயிரம் ஓமுக்குக் கீழே என்பது நடு அலைவரிசையில் அளந்தது. சிக்னல் வெளியே வருவதற்கு முன் அந்த 0.22 வழியாகத்தானே வர வேண்டும்? 50 ஹெர்ட்ஸில் அந்தக் கப்பாசிட்டர் மட்டும் சுமார் 14.5 கிலோ ஓம் தடை காட்டுகிறது. எதிரே உங்கள் ப்ரீஆம்ப் வெறும் 10 கிலோ ஓம். பத்து மடங்கு எங்கே இருக்கிறது, ஒரு மடங்கு கூட இல்லை.

கணக்கு போட்டால் பேஸ் 3 டெசிபல் விழும் எல்லை கிட்டத்தட்ட 68 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே இன்னும் தேயும். 50 ஹெர்ட்ஸில் நாலரை டெசிபல் போச்சு, 100 ஹெர்ட்ஸில் கூட ஒன்றரைக்கு மேல் குறைகிறது. தொப்பியின் அடிநாதம் அந்த வட்டாரத்தில்தான். இதே பெட்டியை 100 கிலோ ஓம் உள்ள வால்வு ப்ரீஆம்பில் போட்டால் அந்த எல்லை 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், குறையே தெரியாது. நண்பர் கட்டியதில் தப்பில்லை, உங்கள் ப்ரீஆம்பிலும் தப்பில்லை, ஜோடிதான் பொருந்தவில்லை.

பரண் ஆம்பை இறக்குங்கள். அதன் போனோவில் அல்ல, ஆர்.ஐ.ஏ.ஏ திருத்தம் செய்யாத சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் செருகுங்கள். அந்தக் காலத்து ஆம்புகளில் ஆக்ஸ் பெரும்பாலும் 47 கிலோ ஓம் சுற்றி இருக்கும், எல்லை 15 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். செலவில்லாத பரிசோதனை.

கரகரப்பு

மேலே சொன்னது பேஸுக்கு. ‘ஸ’ கீறுவது அதனால் இல்லை, அது கார்ட்ரிட்ஜ் பக்கத்து விவகாரம். 2எம் ரெட்டுக்கு 47 கிலோ ஓமோடு 150 முதல் 300 பிகோ ஃபாரட் வரை கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த 300 என்பது டர்ன்டேபிள் கையின் (டோன்ஆர்ம்) உள்வயர், டர்ன்டேபிள் கேபிள், போனோ ஸ்டேஜ் இன்புட் மூன்றும் சேர்ந்த கூட்டல். நிறையப் பேர் போனோ ஸ்டேஜில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். உங்கள் சர்க்யூட்டில் இன்புட்டில் 47 கிலோ ஓமுக்குக் குறுக்கே சின்னக் கப்பாசிட்டர் ஏதாவது இருக்கிறதா? கேபிள் எவ்வளவு நீளம்?

ஊசிமுனை

220 பிகோ ஃபாரட் ஒன்று இருக்கிறது. கேபிள் ஒன்றரை மீட்டர் இருக்கும். நிற்க, பரண் ஆம்பின் ஆக்ஸில் போட்டுப் பார்த்தேன். தொப்பி வந்துவிட்டது! ‘ஸ’ மட்டும் அப்படியே.

கரகரப்பு

அப்படியானால் பிரச்சினை இரண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே மாதிரி ‘மெலிசாக’ கேட்டிருக்கிறது. கேபிள் மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் என்று வைத்தால் 150, அதோடு 220, ஆக 370, கையின் வயர் தனி. கார்ட்ரிட்ஜின் 700 மில்லி ஹென்றி காயிலோடு இது சேர்ந்து 10 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழேயே ஒத்ததிர்வு உண்டாக்கும். அங்கே ஒரு மேடு, அதற்கு மேல் சரிவு. அந்த 220-ஐக் கழற்றிவிட்டால் கேபிளும் வயருமே 150-க்கு மேல் வந்துவிடும், மேடும் மேலே தள்ளிப்போய்விடும். கேட்டுப் பாருங்கள், அப்போதும் கீறினால் ஊசித் தேய்மானத்தையும் அலைன்மென்டையும் பார்க்க வேண்டும்.

நாற்பத்தேழு கே

அவுட்புட்டில் 0.22-க்குப் பதில் 2.2 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டர் போட்டுவிடுங்கள், 10 கிலோ ஓமோடு எல்லை 7 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும். ப்ரீஆம்பை மாற்றத் தேவையே இல்லை.

பழந்தட்டு

2.2-க்கு நான் ஒப்பமாட்டேன். நம்மிடம் இருப்பதெல்லாம் வெயிலில் கிடந்து நெளிந்த தட்டுகள். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் எங்கேயோ தானாக ஆடும், நெளிவு அதைத் தூண்டிவிடும், 7 ஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டால் வூஃபர் முன்னும் பின்னும் துடிக்கிறது, பவர் ஆம்ப் ஒன்றுக்கும் உதவாத வேலையைச் செய்கிறது. 1976-இல் ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பு இதற்காகவே ஆர்.ஐ.ஏ.ஏ-வில் 20 ஹெர்ட்ஸில் ஒரு வெட்டு சேர்த்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் காரணம் நியாயமானது. 1 மைக்ரோ ஃபாரட் போடுங்கள், எல்லை 15 ஹெர்ட்ஸ், இசை முழுசாக வரும், நெளிவு ஓரளவு அடங்கும்.

நாற்பத்தேழு கே

பெரிய வூஃபர், பாஸ் ரிஃப்ளெக்ஸ் (துளை வைத்த) ஸ்பீக்கர் பெட்டி என்றால் பழந்தட்டு சொல்வது சரி. மூடிய பெட்டி என்றால் 2.2 தாங்கும். எனக்குத் தட்டு நேராக இருந்தால் கீழே திறந்து விடுவதே பிடிக்கும், அது ரசனை.

ஊசிமுனை

ஸ்பீக்கர் பாஸ் ரிஃப்ளெக்ஸ்தான். 1 மைக்ரோ ஃபாரட் போடுகிறேன். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எத்தனை வோல்ட் கேட்டு வாங்க வேண்டும்? நானே சால்டர் பண்ணலாமா?

பழந்தட்டு

400 வோல்ட் அல்லது 630, பாலிப்ராப்பிலீன், இரண்டு சேனலுக்கும் ஒரே மாதிரி. அளவில் பழையதைவிடப் பெரிதாக இருக்கும், பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வால்வு சர்க்யூட்டை இதற்கு முன் தொட்டதில்லை என்றால் நண்பரிடமே கொடுங்கள் சார், உள்ளே 250, 300 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும், அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மாற்றிய பிறகு ஆன் செய்யும்போது ப்ரீஆம்ப் வால்யூமைக் குறைத்தே வையுங்கள், வால்வு சூடாகி நிலைக்கு வரும் வரை ‘தம்’ என்று ஒரு அடி வரும், முன்பைவிடக் கொஞ்சம் பலமாகவே. அந்த 220-ஐயும் அதே நாளில் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு தடவை பெட்டியைத் திறக்க வேண்டாம்.