கதவடியை வெட்டினேன், கடல் மண் கொட்டியது: பழைய ஸ்போர்ட்ஸ் கார் திருத்தியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கல்லடி மருமகன்

மாமாவின் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் பற்றித்தான். கையில் இருந்தது மூன்றரை லட்சம். அதற்குள் உக்கின தகட்டையும் மாற்றி பெயின்ட்டும் அடித்துவிட வேண்டும் என்று தொடங்கினோம். எஞ்சின் கதையை விடுங்கள், அதே ட்ரயம்ஃப் கம்பனியின் ஹெரல்ட் கார் சாமான் நிறையப் பொருந்தும், கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் அலைந்தால் ஏதாவது கிடைக்கும். எனக்கு நித்திரை வராத விஷயம் வேறு.

போன ஞாயிறு இடது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டைக் கிறைண்டரால் வெட்டினேன். வெளியில் பார்க்க நல்ல தகடு, பழைய சிவப்பு கூட இன்னும் மினுங்கியது. உள்ளே துரு இருக்கும் என்றுதான் நினைத்தேன். வட்டு இறங்கினதும் மண் கொட்டியது. மாச் சாக்கில் ஓட்டை விழுந்தால் எப்படிக் கொட்டும், அப்படி நிற்காமல். காய்ந்த கடல் மண். அதோடு விரல் நகம் அளவில் ஒரு சிப்பி.

2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கார் நாவலடி வீட்டு முற்றத்தில் நின்றது. தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மதிலில் சாத்தியிருந்ததாம். அதற்குப் பிறகு மாமா அதை எத்தனை தரம் கழுவியிருப்பார்! இருபது வருடத்துக்கு மேலாக உள்ளே மண் இருந்தது ஒருவருக்கும் தெரியாது.

சத்தம் நின்றதும் மாமா வெளியே வந்தார். குந்தியிருந்து அந்த மண்ணைக் கையால் கூட்டி ஒரு பக்கமாகச் சேர்த்தார். மாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைய வேலை அதோடு சரி. வலது பக்கத்தை இன்னும் தொடவில்லை.

காரைதீவு செலிக்கா

தம்பி, கடல் மண், உப்பு என்றதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. 1979 டொயோட்டா செலிக்கா. தகட்டு வேலை முடித்து, மேடுபள்ளத்தை நிரப்பப் பட்டி போட்டு, பொனெட் முழுக்க நானும் மகனும் 400 நம்பர் சான்ட் பேப்பரால் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். வளவுக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் பக்கம் கோடையில் கிணறு கொஞ்சம் உவர்க்கும், குளிக்கப் பழகிவிட்டோம், காருக்கும் அது போதும் என்று நினைத்தேன். பெயின்ட் அடித்த அன்று வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. ஒழுங்கையால் போன எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

கார்த்திகை மழை தொடங்கி மூன்று கிழமை. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், பொனெட் முழுக்கக் கொப்புளிப்பான் போட்ட முகம் மாதிரி. ஒன்றை ஊசியால் குத்தினேன். ஒரு துளி தண்ணீர் வந்தது. ஏன் அப்படிச் செய்தேனோ தெரியாது, அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அந்த ருசி இன்னும் போகவில்லை.

சம்மாந்துறை மிட்ஜெட்

மருமகன், நீங்கள் கதவைக் கழற்றிவிட்டா வெட்டினீர்கள்? உள்ளுக்குக் கம்பி முட்டுக் கொடுத்தீர்களா? இதை முதலில் சொல்லுங்கள்.

எனக்கு நடந்தது: எம்.ஜி. மிட்ஜெட், 1098 சீசீ. எஞ்சின் குடும்பம் மொறிஸ் மைனருடையதுதான் என்பதால் அந்தப் பக்கம் செலவு குறைவு. இரண்டு கதவடியையும் ஒரே நாளில் வெட்டினால் வெல்டருக்கு ஒரு நாள் கூலி மிச்சம் என்று நானும் காக்காவும் கணக்குப் போட்டோம். கூரை இல்லாத காருக்கு அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வெட்டி முடித்தோம். விடியப் பார்த்தால் கார் நடுவில் தொய்ந்துபோய் நிற்கிறது. கதவைத் தூக்கி வைத்துப் பார்த்தோம், மேல் மூலை இறுகுகிறது, கீழே ஒரு விரல் போகும் அளவு இடைவெளி. காக்கா கதவைப் பிடித்தபடியே நின்றார். அஞ்சு நிமிஷம் இருக்கும், ஒரு சொல் பேசவில்லை.

ஜாக்கி வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கி எடுக்க இரண்டு மாதம் போனது. ஸ்பிட்ஃபயருக்குக் கீழே தனிச் சட்டம் இருக்கிறது, அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பவேண்டாம். அது நடுவில் மட்டும் ஓடுகிற சட்டம், ஓரத்துப் பலத்தைத் தருவது கதவடிப் பெட்டிதான்.

செங்கலடி பாஸ்

காரைதீவு அண்ணே, உங்கள் கிணற்றில் முழுப் பழியையும் போடாதீர்கள். பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்த்தீர்களே, பிழை அங்கேதான் தொடங்குகிறது. பட்டி பஞ்சு மாதிரி, குடிக்கும். நல்ல குழாய்த் தண்ணீர் என்றாலும் உள்ளே போய் நின்று அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். உங்கள் தண்ணீர் உவர் என்பதால் கொப்புளம் கெதியாக வந்தது, அவ்வளவுதான்.

நான் இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடம். எனக்கும் ஒன்று நடந்திருக்கிறது. ஒரு மெரூன் மிட்ஜெட், கல்யாணத்துக்கு வேணும் என்று நெருக்கினார்கள். மார்கழி மழைக்குள் தறப்பாளைக் கட்டி என்.சி. பெயின்ட் அடித்தேன், தின்னர் ஆவியாகிக் காய்கிற வகை அது. கண்ணுக்கு முன்னாலேயே மெரூன் மேல் பால் ஊற்றின மாதிரி வெள்ளை படர்ந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துவிடும். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மருமகனுக்கு. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காசு மூன்றரை லட்சம்தான், இரண்டாம் தரம் அடிக்க முடியாது. மண்ணை எடுத்த பெட்டிக்குள் நல்ல தண்ணீர் அடித்து அடித்துக் கழுவுங்கள், ஒரு நாள் போதாது, மூன்று நாள் கழுவுங்கள். உப்பு உள்ளே நின்றால் மேலே என்ன அடித்தாலும் அது தள்ளும். பிறகு வெயிலில் காயவிடுங்கள். புதுத் தகடு 18 கேஜ் தடிப்பில் போடுங்கள், மெல்லிசு போட்டால் வெல்டிங் சூட்டில் நெளியும். வெறுந் தகடு நம்முடைய ஊர்க் காற்றில் ஒரு இரவு தாங்காது, அதனால் தேய்த்த அன்றே எபொக்சி பிறைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்துவிடுங்கள். பட்டி அந்த எபொக்சிக்கு மேலேதான் வரவேண்டும், வெறுந் தகட்டில் அல்ல. பட்டியை முதல் 80 நம்பர் பேப்பரால், மறுகா 180 நம்பரால், உலர்வாகவே தேய்க்க வேண்டும். பிறைமர் அடித்து மூடின பிறகு தண்ணீர் போடலாம், அதுவும் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். கொம்பிறசர் தாங்கியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள், குழாயில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி போடுங்கள். கோடையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம்தான் பெயின்ட்டுக்கு நல்லது, காற்று உலர்வு. ஆனால் அதே காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்ட்டில் ஒட்டும். அதனால் பனி காய்ந்த பிறகு, காற்று எழும்ப முன், முற்பகலில் அடியுங்கள்.

காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் உரிக்கிறது, தேய்க்கிறது, மறைப்பு ஒட்டுறது எல்லாம் நீங்களே செய்யுங்கள். கூலியில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. ஸ்பிரே கன் பிடிக்கிற வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். நிறம் மாற்றுவதாக இருந்தால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டி வரும், அந்த அலைச்சலையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மட்டுநகர் தங்கச்சி

பாஸ் அண்ணா எல்லாம் சொன்னார், முகமூடியைச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அண்ணா ஒரு பழைய லான்சரை வீட்டுக் கராஜில் வைத்து டூகே, அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பெயின்ட், அடித்தார். மூக்கில் கைலேஞ்சி. கதவைச் சாத்தினால்தான் புழுதி வராது என்று சாத்திவிட்டார். இரவு பதினொரு மணி இருக்கும், கட்டிலில் எழும்பி உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சை இழுக்கிறார். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் வாசலில் நிற்கிற எனக்குக் கேட்டது. ஆட்டோ வரும்வரை நான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

டூகே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு சின்ன அளவும் பொறுக்காது. மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. சாதாரணக் கரி முகமூடியை நம்ப ஏலாது, வெளியிலிருந்து குழாயால் நல்ல காற்று வருகிற முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் வீட்டில் டூகே தொடவே வேண்டாம். அண்ணா இப்போது பெயின்ட் மணம் வருகிற தெருவால் கூடப் போவதில்லை.

காரைதீவு செலிக்கா

பாஸ், பட்டி குடிக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் என் டிக்கி மூடியில் பட்டியே போடவில்லை, பிறைமருக்கு மேல் அதே கிணற்றுத் தண்ணீரால்தான் தேய்த்தேன், அங்கேயும் கொப்புளம் வந்தது. கிணற்றுக்கும் பங்கு இருக்கிறது. தங்கச்சி சொன்னதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள்.

செங்கலடி பாஸ்

டிக்கி கதையை முதலே சொல்லியிருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன் அண்ணே. தங்கச்சி, நானும் பத்து வருடம் கைலேஞ்சியோடுதான் அடித்தேன். எழுதியதற்கு நன்றி.

கல்லடி மருமகன்

சம்மாந்துறை அண்ணன், நான் முட்டுக் கொடுக்கவில்லை. உங்கள் பதிவை வாசித்ததும் டோர்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவு பூட்டியபடி இருந்தது, அதுவே காப்பாற்றியிருக்கிறது. மேல் இடைவெளி மூன்று மில்லி, கீழேயும் மூன்று. நேற்று கதவு வாசலுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் பெட்டிக் கம்பி வெல்ட் பண்ணியாகிவிட்டது.

வீட்டில் டூகே அடிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டோம். தேய்ப்பு எங்கள் வீட்டில், பெயின்ட் வேறு இடத்தில், காற்று முகமூடி வைத்திருக்கிற ஒருவரிடம். நான் நீலம் அடிக்க ஆசைப்பட்டேன். மாமா சிவப்பு என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

இன்று காலையில் வலது பக்கமும் வெட்டினேன். மாமா முதலே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். அந்தப் பக்கத்தில் மண் குறைவு, இரண்டு சிரங்கை வரும். துணியோடு முடிந்து உள்ளே கொண்டுபோனார். பின்னேரம் கழுவத் தொடங்கினோம், தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் வருகிறது.