எச்செவேரியாவின் அடி இலைகள் நீர் கோத்து உதிர்கின்றன, மண் கலவை தப்பா?

வணக்கம். ஜன்னலோரம் வைத்திருக்கும் எச்செவேரியாவில் (தடித்த இலையில் நீர் சேமிக்கும் செடி) அடி இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி நீர் கோத்து, தொட்டாலே கையோடு வந்துவிடுகின்றன. தோட்டமண் பாதி, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி கலந்திருக்கிறேன். தண்ணீர் வடியட்டும் என்று தொட்டியின் அடியில் கூழாங்கல்லும் போட்டேன். மேல்மண் காய்ந்த பிறகே, 10 நாளுக்கு ஒருமுறை தண்ணீர். ஆசையாக வாங்கிய செடி, காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில் 1:
தண்ணீரை 20 நாளுக்கு ஒருமுறை ஆக்கிப் பாருங்கள்.

பதில் 2:
நாள் கணக்கை மாற்றினால் மட்டும் போதாது அக்கா. ஊற்றிய தண்ணீர் எத்தனை நாள் உள்ளே நிற்கிறது என்பதுதான் விஷயம். வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு. கோகோபீட் மேலே காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி, சற்று நேரம் கழித்து எடுங்கள். ஈரமாக வந்தால் ஊற்றவே கூடாது.

கூழாங்கல்லை எடுத்துவிடுங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, மண் முழுக்க ஊறிய பிறகே இறங்கும். அதனால் ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடுகிறது. வடிவதற்குத் தொட்டியில் ஓட்டை இருந்தால் போதும்.

இப்போதே செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

கேட்டவர்:
பிடுங்கினேன். வேருக்கு நடுவே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கோகோபீட் உருண்டை, சுற்றிலும் மெல்லிய வலை. வெளி மண் உதிர்ந்தது, அந்த உருண்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது! பாதி வேர் பழுப்பாகிக் குழைந்துவிட்டது.

பதில் 2:
அதுதான் செடியைக் கொல்கிறது. நாற்று வளர்த்த வலை அது, கத்தரித்து எடுங்கள். குழைந்த வேரைச் சுத்தமான கத்தரியால் நறுக்கி, செடியை நிழலில் நாலைந்து நாள் வெறுமனே போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய வேண்டும்.

புதுக் கலவைக்கு ஒரு பங்கு மண், இரண்டு பங்கு பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) அல்லது பியூமிஸ் (துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக் கல்). துகள் 3 முதல் 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் மண்ணைக் கூட்ட வேண்டாம் என்பது என் அனுபவம்.

பதில் 3:
பெர்லைட்டுக்குப் பதில் வெர்மிகுலைட் (அடுக்கடுக்கான கனிமத் துகள்) போட்டுவிடாதீர்கள், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவு மாதிரி மணலும் வேண்டாம், இடுக்கை அடைத்துவிடும். பெர்லைட் தூசி நெஞ்சுக்கு ஆகாது, நனைத்துவிட்டுக் கலக்குங்கள்.

கேட்டவர்:
நட்டவுடன் தண்ணீர் ஊற்றலாமா? உதிர்ந்த இலைகளை என்ன செய்ய?

பதில் 2:
ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நீர் கோத்த இலை பிழைக்காது. கெட்டியாக, அடிக்காம்பு முறியாமல் வந்த இலை இருந்தால் இதே கலவையின் மேல் சும்மா கிடத்துங்கள், புதுக் குருத்து விடும்.