இயேசுவின் அற்புதங்களுக்கு வரலாற்றுச் சான்று உண்டு என்பவரிடம் என்ன கேட்பது?

செம்பனைக்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) பிறந்து, இப்போது பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவன் நான். என் தங்கையின் கணவர் மூன்றாண்டுகளுக்கு முன் கிறிஸ்தவராகி, கடை வரிசையின் மேல்மாடியில் கூடும் ஒரு சபைக்குப் போய்வருகிறார். அதன் பிறகு அவர் குடியை அடியோடு விட்டுவிட்டார். அந்த ஒன்றுக்காகவே அந்தச் சபைக்கு எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆகவே யாரையும் இழிவுபடுத்த இதை நான் எழுதவில்லை.

சென்ற வாரம் மாப்பிள்ளை என்னிடம் ஒரு சிறு நூலைக் கொடுத்தார். இயேசுவின் அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் நம்பிக்கையினால் ஏற்க வேண்டியதே இல்லை, வரலாற்றுச் சான்றே போதும் என்று அது வாதிடுகிறது. பைபிளின் புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள் இருக்கின்றன. உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் கண்டார்கள். கிறிஸ்தவர் அல்லாத ரோமரும் யூதருங்கூட இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இவைதான் அதன் மூன்று தூண்கள். இவற்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? அவர் மனம் நோகாமல் நான் கேட்கக்கூடிய கேள்விகள் எவை?

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. ஓய்வு பெற்ற பின் இவற்றையே படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

படிகளின் எண்ணிக்கை சரிதான். ஆனால், எழுதப்பட்டது எந்த அளவுக்குப் பிசகாமல் நகலெடுக்கப்பட்டது என்பதற்குத்தான் படிகள் சான்றாகுமே தவிர, எழுதப்பட்டது நடந்ததா என்பதற்கு அவை சான்றாக மாட்டா. புனேயின் பண்டார்கர் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்தைப் பதிப்பித்தது. அதனால் திரௌபதியின் சேலை வளர்ந்தது வரலாறாகிவிட்டது என்று நாம் சொல்வதில்லை. மேலும், அந்தப் படிகளே நூலாசிரியருக்குச் சங்கடமான ஒன்றையும் காட்டிக்கொடுக்கின்றன. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் முதலில் எழுதப்பட்டது மாற்கு, ஏறத்தாழ கி.பி. 70 என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் மாற்கு 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வெறுமையான கல்லறையைக் கண்ட பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள். பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். உயிர்த்தெழுந்தவர் பலருக்குக் காட்சியளிக்கும் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை.

ரோமரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஏறத்தாழ 116-இல் எழுதுகிறார். பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்பதோடு சரி, அற்புதம் பற்றி ஒரு சொல் இல்லை. ஏறத்தாழ 112-இல் பேரரசருக்குக் கடிதம் எழுதிய ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்கிறார்; அது அவர்களுடைய வழிபாட்டுக்குத்தான் சான்று. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் 93-ஐ ஒட்டி எழுதிய நூலின் 18-ஆம் பாகத்தில், இவரே மேசியா (யூதர் எதிர்பார்த்திருந்த மீட்பர்), மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்ற சொற்கள் இன்று காணப்படுகின்றன. ஆனால் ஜோசிபஸ் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜனே எழுதியிருக்கிறார். எனவே அந்தப் பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர் ஒருவரின் கை பட்டிருக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இயேசு வியத்தகு செயல்களைச் செய்தவர் என்ற ஒரு தொடர் மட்டும் ஜோசிபஸ் எழுதியதாகவே இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

ஐந்நூறு பேர் விஷயத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இதுவே உண்மையில் கனமான சான்று. ஆதிக் கிறிஸ்தவப் போதகரான பவுல் கொரிந்தியருக்கு முதல் கடிதத்தை ஏறத்தாழ 54-இல் எழுதுகிறார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் என்று அதன் 15-ஆம் அதிகாரத்தில் வரும் பட்டியலைத் தமக்கு முன்னிருந்தவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதாகவே சொல்கிறார். தாம் எருசலேமுக்குச் சென்று கேபாவையும் (இயேசுவின் சீடர் பேதுருவின் இன்னொரு பெயர்), ஆண்டவரின் சகோதரரான யாக்கோபையும் சந்தித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஆணையிட்டுக் கூறுகிறார். ஆக, அந்த நம்பிக்கை நூறாண்டு கழித்துப் புனையப்பட்டதன்று. சில ஆண்டுகளுக்குள்ளேயே அது இருந்தது. இருந்தாலும் அந்த ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரோ, ஊரோ, அவர்கள் கண்டது என்ன என்ற விவரமோ அங்கே இல்லை; நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூட அந்த நிகழ்ச்சியைச் சொல்லவில்லை. ஐந்நூறு பேர் கண்டார்கள் என்று ஒருவர் சொல்வது, ஐந்நூறு சாட்சிகள் ஆகாது. அது ஒரே ஒருவருடைய வாக்குமூலம்.

அன்னம்மாள் பேத்தி எழுதியது:

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அற்புதம் என்பதைவிடப் புதுமை என்றுதான் சொல்வோம். ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தராசின் மறுதட்டிலும் சிலவற்றை வைக்க வேண்டும்.

இயேசுவின் எதிரிகள் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. பேய்களின் தலைவனைக் கொண்டு செய்கிறார் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டை மாற்கு 3-ஆம் அதிகாரமே பதிவு செய்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதிய செல்சஸ் அதை மந்திரவித்தை என்றார். யூதரின் சமய நூலான தல்மூதும் சூனியம் என்றே சொல்கிறது. அடுத்து, புகழ்பாட வந்தவர்கள் புனைந்திருக்கவே மாட்டாத செய்திகளும் நற்செய்தியில் (நீங்கள் சுவிசேஷம் என்பதில்) இருக்கின்றன. மாற்கு 6-இல், சொந்த ஊரில் அவரால் வல்ல செயல் எதையும் செய்ய இயலவில்லை என்றிருக்கிறது. மாற்கு 8-இல், பார்வையற்றவரின் கண்ணில் உமிழ்ந்து கைவைத்த பின், அந்த மனிதர் மக்களை நடமாடும் மரங்களைப் போலப் பார்க்கிறார். இரண்டாம் முறை கைவைத்த பிறகே பார்வை தெளிகிறது. மாற்கைப் பின்பற்றி எழுதிய மத்தேயுவும் லூக்காவும் இந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டார்கள். இதனால்தான், இறைநம்பிக்கை இல்லாத ஆய்வாளர்கள் பலருங்கூட, நோய் தீர்ப்பவர், பேய் ஓட்டுபவர் என்று இயேசு தம் வாழ்நாளிலேயே பெயர் பெற்றிருந்தார் என்பதை ஏற்கிறார்கள்.

எங்கள் திருச்சபையும் கேட்டதையெல்லாம் நம்பிவிடுவதில்லை. பிரான்சு நாட்டு யாத்திரைத் தலமான லூர்துவில் 1858-இலிருந்து குணமடைந்ததாக வந்த முறையீடுகள் ஏழாயிரத்துக்கும் மேல். புதுமை என்று ஏற்கப்பட்டவை எழுபதை ஒட்டியவையே. அங்குள்ள மருத்துவர்கள் புதுமை என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. இன்றைய மருத்துவ அறிவால் விளக்க இயலவில்லை என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். புதுமை என்று அறிவிப்பவர் ஆயர் (பிஷப்).

செம்பனைக்காடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. அக்கா கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் பழைய நினைவு ஒன்று வந்துவிட்டது.

1995 செப்டம்பர் 21-ஆம் நாள் டில்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி கிளம்பி உலகத்தையே சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தோட்டத்திலும் பெரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர் கூடும் திடலில்) ஆரம்பித்து ஆயாக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்) வரை அதே பேச்சு. எனக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டியின் இடுப்பில் முகம் பதிய நெருக்கியடித்துக்கொண்டு கோயிலுக்குள் போய், நானே கரண்டியைப் பிடித்தேன். துதிக்கையின் ஓரத்தில் கரண்டி பட்டதும் பால் மெல்லக் குறைந்தது, சத்தியமாகக் குறைந்தது. நான் குள்ளமாக இருந்ததால், பெரியவர்கள் பார்க்காத ஒன்றையும் பார்த்தேன்: கருங்கல்லின் வயிற்றின் மேல் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு இறங்கிப் பீடத்து ஈரத்தோடு கலந்துகொண்டிருந்தது. திரவத்தின் பரப்பு இழுவிசையே காரணம் என்று விஞ்ஞானிகள் பிறகு விளக்கினார்கள்.

இன்று எண்பத்தேழு வயதாகும் பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளையார் ஒரு தூக்குச்சட்டிப் பாலையும் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார். பீடத்தில் ஒரு சொட்டும் சிந்துவதில்லை. பாட்டி பொய் சொல்பவர் அல்லர். இடையில் ஓடியது முப்பது ஆண்டுகள்தான். இயேசுவின் மரணத்துக்கும் மாற்கு எழுதப்பட்டதற்கும் இடையில் நாற்பது ஆண்டுகள் என்றால், அங்கும் இதுவே நடந்திருக்காதா?

தீக்குச்சி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? இயேசு என்று ஒருவர் இருக்கவே இல்லை. எல்லாம் கட்டுக்கதை.

அன்னம்மாள் பேத்தி எழுதியது:

செம்பனைக்காடு தம்பிக்கு: நீங்கள் சொன்ன கதை இருபக்கமும் வெட்டுகிறது. கதை வளர்ந்தது உண்மை. ஆனால் கரண்டி காலியானதும் உண்மைதானே? முப்பது ஆண்டுகள் பாட்டியின் கதையைப் பெரிதாக்கினவே தவிர, இல்லாத ஒரு நாளை உண்டாக்கிவிடவில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

முதலில் தீக்குச்சிக்கு. யாக்கோபை நேரில் சந்தித்ததாகப் பவுல் எழுதுகிறார். கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டதை ஜோசிபஸ் தம் நூலின் 20-ஆம் பாகத்தில் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். இல்லாத ஒருவருக்கு இப்படி ஒரு சகோதரர் அமைவது கடினம். அற்புதத்தை மறுப்பதற்கு ஆளையே மறுக்க வேண்டியதில்லை.

அம்மா சொன்னதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு என்று நினைக்கிறேன். கரண்டி காலியானது கண்ணால் கண்டது. பிள்ளையார் குடித்தார் என்பது கண்டதற்குச் சொன்ன விளக்கம். பவுலின் பட்டியலையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கேபாவுக்குக் காணப்பட்டார், பன்னிருவருக்குக் (சீடர்களுக்குக்) காணப்பட்டார் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் எனக்கும் காணப்பட்டார் என்று அதே வினைச்சொல்லைத் தமக்கும் பயன்படுத்துகிறார். பவுலுக்குக் கிடைத்ததோ தமஸ்கு வழியில் ஓர் ஒளியும் குரலும் என்று புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பேதுருவும் மற்றவர்களும் எதையோ கண்டார்கள், அதற்காகச் சாகவும் துணிந்தார்கள் என்பதை நான் ஏற்கிறேன். அது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. அவர்கள் கண்டது இன்னது என்பதை அந்த நேர்மை தீர்மானித்துவிடாது.

மாப்பிள்ளையிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி தருகிறேன். ஏறத்தாழ கி.பி. 70-இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தங்கியிருந்தபோது, பார்வையற்ற ஒருவர் தம் கண்ணில் அவருடைய உமிழ்நீரைத் தடவும்படியும், கை ஊனமுற்ற ஒருவர் தம் கையை அவர் காலால் மிதிக்கும்படியும் வேண்டினார்களாம்; இருவரும் குணமானார்களாம். இதை எழுதியவர் அதே டாசிடஸ். எழுதிய இடைவெளியும் மாற்கினுடையதைப் போலவே நாற்பது ஆண்டுக்குள். பேரரசர் முதலில் சிரித்து, பிறகு மருத்துவரைக் கலந்தாலோசித்தார் என்றும், பொய் சொல்வதால் ஆதாயம் ஏதும் இல்லாமல் போன பின்னும் நேரில் இருந்தவர்கள் இதைச் சொல்கிறார்கள் என்றும் அவர் சேர்த்தே எழுதுகிறார். பெயரில்லாத அந்த ஐந்நூறு பேரைவிட இது பலமான சாட்சியம். இதை மாப்பிள்ளை நம்ப மாட்டார், நானும் நம்பவில்லை. எந்த அளவுகோலால் இதைத் தள்ளுகிறாரோ, அதே அளவுகோலை மாற்கு 8-க்கும் வைப்பாரா? இறைமகன் என்று நம்புவதால் வேறு அளவுகோல் வைக்கிறேன் என்று அவர் சொன்னால், அது மரியாதைக்குரிய பதில்தான். ஆனால் அந்தச் சிறு நூல் நம்பிக்கை வேண்டாம், சான்றே போதும் என்றல்லவா ஆரம்பித்தது!

செம்பனைக்காடு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை கோபப்படவில்லை. வெஸ்பாசியன் என்ற பெயரைக் கேட்டதும் உள்ளே போய் நூலை எடுத்துவந்து முன்னும் பின்னுமாகப் புரட்டினார். அதில் அந்தப் பெயரே இல்லை. போதகரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு, சற்று நேரம் கழித்து அவராகவே, "மச்சான், நான் குடியை விட்டது அந்த ஐந்நூறு பேரை நம்பி இல்லை" என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

ஆனால் டாசிடஸ் எழுதிய அந்தப் பகுதியை முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்று அவரே கேட்கிறார். தமிழில் எங்கேனும் கிடைக்குமா, ஐயா? தமிழில் இல்லையென்றால் மலாயிலாவது?