புதுப்பிப்பு: முட்டி நடுக்கம் பாதி தீர்ந்தது

பாளையங்கோட்டை மாடி அறையில் நாங்கள் கட்டும் மனித வடிவ ரோபோ, சும்மா நிற்கும்போதே முட்டி வெடவெடக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரின் கெயினை (பிழையை அது எவ்வளவு பலமாகத் திருத்தும் என்ற அளவை) குறைக்கச் சொன்னீர்கள். குறைத்தேன், நடுக்கம் போய்க் கால் தொய்ந்தது.

கோளாறு கோடில் இல்லை. பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி, மோட்டார் தண்டைப் பிடித்துக்கொண்டு ரோபோவின் காலை ஆட்டிப் பார்த்தார். "பல்லுல பிளே இருக்குல்லா தம்பி!" பிளே என்றால் கியர் பற்களுக்கு இடையிலான தளர்ச்சி. அளந்தால் முட்டியில் 1.5 டிகிரி. 30 செ.மீ. கீழே, பாதத்தில் அது சுமார் 8 மி.மீ. கோணத்தை அளக்கும் என்கோடர் மோட்டார் பக்கம் இருந்ததால் இந்த ஆட்டம் அதன் கண்ணிலேயே படவில்லை.

முட்டி அச்சிலேயே இன்னொரு என்கோடர் வைத்தேன். 50:1 கியரை (மோட்டார் 50 சுற்று சுற்றினால் முட்டி ஒரு சுற்று) கழற்றிவிட்டு, பெரிய மோட்டாரோடு 9:1 போட்டேன். மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரின் நிலைமம், அதாவது வேகமாற்றத்தை எதிர்க்கும் தன்மை, கியர் விகிதத்தின் வர்க்கமாக முட்டியில் ஏறும்: அங்கே 2500 மடங்கு, இங்கே 81. பாதம் தரையில் மோதும் அடியைக் கியர் இப்போது தாங்குகிறது.

சரி, நடுக்கம் குறைந்தது, சூடு வந்தது. கியர் விகிதம் குறைந்ததால் எடையைத் தாங்க மோட்டாரே அதிகம் முறுக்க வேண்டும்; முட்டி மடங்கி நின்றால் அசையாமலே கரண்ட் இழுக்கும். கரண்ட் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. நாலே நிமிடத்தில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. சித்திரை வெயிலில் மாடி அறை வேறு! இப்போதைக்கு முட்டியை நீட்டி நிற்க வைத்திருக்கிறேன்.