மறு: சிங்க் என்றால் ஒத்திசைவு, கான்ஃபிளிக்ட் என்றால்?

நண்பர்களுக்கு வணக்கம். செயலிகளைத் தமிழாக்கும்போது, பல கருவிகளில் ஒரே கோப்பை ஒன்றுபோல வைத்திருக்கும் ‘சிங்க்’குக்கும், அதில் எழும் ‘கான்ஃபிளிக்ட்’டுக்கும் என்ன சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது. சிங்க் பற்றி ஒருவர் எழுதியது:

> ஒத்திசைவு இசைக்குரிய சொல். ‘சமகாலமாக்கம்’ என்பதே வேர்ப்பொருளுக்கு நெருக்கம்.

வேர்ப்பொருள் சரிதான், கிரேக்கத்தில் அது ‘ஒரே காலம்’. ஆனால் இன்று நடக்கும் வேலையைப் பார்த்துத்தானே பெயர் வைக்கிறோம்? காலையில் கைப்பேசியில் எழுதிய குறிப்பு, மூடிக்கிடந்த மடிக்கணினிக்கு இரவில்தான் போய்ச் சேர்கிறது. இதில் சமகாலம் எங்கே? இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒன்றுபோல ஓடும் என்றுகூட நம்ப முடியாது. கடிகாரத்தை நம்பாமலே எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தும் வழியைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே எழுதினார். ‘ஒத்திசை’ பல செயலிகளில் பழகிவிட்ட சொல், பொத்தானிலும் அடங்குகிறது. அப்படியே வைத்துக்கொள்வோம்.

எனக்குக் கவலை அடுத்த சொல்லான ‘கான்ஃபிளிக்ட்’ பற்றித்தான். ஒரே குறிப்பை இரண்டு கருவிகளிலும் இணையம் இல்லாத நேரத்தில் திருத்திவிட்டால், செயலி ‘முரண்பாடு கண்டறியப்பட்டது’ என்கிறது. சில மொழிபெயர்ப்புகளில் ‘மோதல்’ என்றே இருக்கிறது. என் அத்தை இந்த வரியைப் பார்த்துப் பயந்து, ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து, இரண்டாவதாகத் தெரிந்த நகலை நீக்கிவிட்டார். அதில்தான் அன்று மதியம் முழுக்க எழுதியது இருந்தது. நீக்கமும் ஒத்திசைந்து எல்லாக் கருவிகளிலிருந்தும் போய்விட்டது. (ஒத்திசைவை ‘காப்பு’ (பேக்கப்) என்று எங்கும் மொழிபெயர்க்கக் கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். காப்புப்படி என்பது தனியாக நிற்க வேண்டியது.)

அங்கே எதுவும் கெடவில்லை. ஒரு மூலத்திலிருந்து, ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டு படிகள் கிளைத்திருக்கின்றன. கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் போன்ற மென்பொருள் ஒரு கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்கிறது. எதுவும் தொலையாமல் இருக்க அது செய்யும் நல்ல காரியம் இது.

இந்த நிலைமை தமிழுக்குப் புதிதும் அல்ல. ஏடுகளைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்த காலம் முழுக்க இதுதான் நடந்தது. ஒரு படியில் ஒரு சொல், இன்னொரு படியில் வேறொரு சொல். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல படிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை முடிவுசெய்தார். அவர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் ‘பி-ம்’ என்று பார்த்திருப்பீர்கள். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. ஒன்றை மேலே எடுத்துக்கொண்டு, மற்றதை எறியாமல் கீழே வைத்தார்கள். செயலி பயனரிடம் கேட்பதும் இதே முடிவைத்தான்.

அதனால் என் முன்மொழிவு: வேறுபடி.

படி என்றால் நகல். கையெழுத்துப்படி, அச்சுப்படி எல்லாம் நாம் எழுதுவதுதான். ‘வேறுபடு’ காதில் ஒலிப்பதால் பொருளை விளக்க வேண்டியதில்லை. பன்மை ‘வேறுபடிகள்’. சேர்த்தே எழுத வேண்டும்; பிரித்தால் ‘இன்னொரு படிக்கட்டு’ என்றும் படிக்கலாம். பிரதிபேதம் என்றே வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் அது வேறுபாட்டைச் சொல்கிறது, இங்கே கையில் இருக்கும் கோப்புக்கும் ஒரு பெயர் வேண்டும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன், தமிழில் கோப்புப்பெயர் வைப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமை பிரித்தே சேமித்தது, லினக்ஸ் வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் கண்ணுக்குத் தெரியும். உள்ளே ஓர் எழுத்துகூட மாறாத இவற்றை வேறுபடி என்று சொல்லக் கூடாது. ‘இரட்டைப் பெயர்’ போதும் என்று நினைக்கிறேன்.

செய்தி வரி இப்படி வரலாம்:

‘இந்தக் குறிப்புக்கு ஒரு வேறுபடி இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளவா, ஒப்பிட்டுப் பார்க்கவா?’

மூன்றாவது பொத்தானான ‘மெர்ஜ்’, அதாவது இரண்டு படிகளையும் சேர்த்து ஒரே படியாக்குவது, இன்னும் பாக்கி. ‘இணை’ என்று போட்டால் மின்னஞ்சல் இணைப்போடு குழம்பும். ‘ஒன்றாக்கு’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சிறியதாக யாரிடமாவது இருக்கிறதா?